மூட்டுவலிக்கு மாத்திரை, வயிற்றுக்குக் காவல்: அம்மாவுக்கு எதைக் கொடுப்பது?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முட்டியிலும் தேய்மானம். ஒன்றரை வருடமாக மெடிக்கலில் வாங்கிய அசெக்ளோஃபெனாக் – பாராசிட்டமால் மாத்திரையைக் காலையிலும் இரவிலும் சாப்பிடுகிறார். மூன்று வருடம் முன்பு வயிற்றுவலிக்காக எண்டோஸ்கோபி செய்தபோது இரைப்பையில் புண் என்றார்கள். மருந்து சாப்பிட்டுச் சரியானது. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. சுகருக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு டெல்மிசார்ட்டனோடு நீர் மாத்திரை சேர்ந்தது, இதயத்துக்குப் பாதுகாப்பு என்று எகோஸ்பிரின் 75. இதயத்தில் இதுவரை ஒன்றுமில்லை. இப்போது மெடிக்கலில் "இதில் அல்சர் மருந்தும் சேர்ந்தே இருக்கு" என்று அசெக்ளோஃபெனாக் – ரேபிப்ரசோல் கேப்ஸ்யூல் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் தம்பி, நாப்ராக்சனும் ஈசோமெப்ரசோலும் ஒரே மாத்திரையில் கிடைக்கிறது, அனுப்பவா என்கிறான். வலியும் குறைய வேண்டும், வயிறும் புண்ணாகக் கூடாது. எதைக் கொடுக்கலாம்? இரண்டு மாத்திரை அட்டைகளின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

– வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியது. புது கேப்ஸ்யூலைத் தொடங்க வேண்டாம். பழைய மாத்திரையையும் நிறுத்திவிடுங்கள். அம்மாவை நேரில் பார்க்கும் மருத்துவரிடம் போகும் வரை வலிக்குப் பாராசிட்டமால் 650 மட்டும் கொடுங்கள். கல்லீரல் கோளாறு இல்லையென்றால் ஒரு நாளைக்கு மூன்று வரை போகலாம். எகோஸ்பிரினை (அது ஆஸ்பிரின்தான்) மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய அட்டையைக் கத்தரியால் வெட்டிக் கொடுத்ததில் காலாவதித் தேதி கடையிலேயே தங்கிவிட்டது. நல்ல வேளையாக மருந்தின் பெயர் தெரிகிறது: அசெக்ளோஃபெனாக் 100 மில்லிகிராம், பாராசிட்டமால் 325. புது கேப்ஸ்யூலில் இருப்பது அசெக்ளோஃபெனாக் 200, ரேபிப்ரசோல் 20. அசெக்ளோஃபெனாக் ஒரு நாளைக்கு அதிகபட்சமே 200 தான். அம்மா பழைய மாத்திரை இரண்டிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறார். "இது வலிக்கு, இது அல்சருக்கு" என்று நினைத்துக் கேப்ஸ்யூலையும் சேர்த்துப் போட்டிருந்தால் 400 உள்ளே போயிருக்கும். இப்படி இரண்டையும் சேர்த்து விழுங்குகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தப்பு அவர்களுடையது இல்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்தை எடுத்துக் கொடுத்து, "அல்சர் மாத்திரை" என்று பாதிப் பெயரை மட்டும் சொன்னால் யார்தான் குழம்ப மாட்டார்கள்?

சரி, வலி மாத்திரை வயிற்றை ஏன் புண்ணாக்குகிறது? மாத்திரை வயிற்றில் உட்கார்ந்து அரிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, பெரும்பகுதி வேறு. ஆஸ்பிரினும் அதன் உறவு மருந்துகளும் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாவதைத் தடுக்கின்றன என்று 1971இல் ஜான் வேன் என்ற பிரிட்டன் விஞ்ஞானி காட்டினார். 1982இல் அவருக்கு நோபல் கிடைத்தது. மூட்டில் வீக்கத்தையும் வலியையும் கிளப்புவது இந்தப் பொருள்தான். இரைப்பைச் சுவரில் வழவழப்பான பூச்சைச் சுரக்க வைத்து, ரத்த ஓட்டத்தையும் காத்து, அமிலம் சுவரைத் தொடாமல் பார்த்துக்கொள்வதும் இதே குடும்பம்தான். மாத்திரைக்கு முட்டி எது, வயிறு எது என்று தெரியாது. ரத்தத்தில் கலந்து போய் இரண்டு இடத்திலும் அடைத்துவிடுகிறது.

அதனால்தான் "ஊசியாப் போட்டா வயித்துக்கு ஒண்ணும் ஆகாது" என்ற பேச்சு தவறு. டைக்ளோஃபெனாக் ஊசியும் ரத்தம் வழியாகவே வயிற்றுக்கு வந்து சேரும். சாப்பிட்ட பிறகு போட்டால், ஒரு டம்ளர் பாலோடு போட்டால் புண் வராது என்பதும் அப்படியே. எரிச்சல் கொஞ்சம் குறையலாம். புண்ணுக்கு அது தடையில்லை. இன்னொன்று: "அம்மாவுக்கு இப்ப வயித்துவலி எதுவும் இல்லை" என்று நிம்மதியாக இருக்காதீர்கள். இந்த மாத்திரைகளால் புண் வந்து ரத்தம் கக்கிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு அதற்கு முந்தின நாள் வரை வயிற்றில் ஒரு சங்கடமும் இருந்திருக்காது. வலியை அடக்கும் மாத்திரை புண்ணின் வலியையும் சேர்த்தே அடக்கிவிடுகிறது.

நீங்கள் கேட்பதுபோல, வலியைக் குறைத்து வயிற்றையும் காக்க மருத்துவத்தில் இரண்டு வழி உண்டு. ஒன்று, வழக்கமான வலி மாத்திரையோடு வயிற்றுக்கு ஒரு காவல் மருந்தைச் சேர்ப்பது. மற்றது, வயிற்றை அவ்வளவாகத் தொடாத வலி மாத்திரையையே தேர்ந்தெடுப்பது.

காவல் மருந்தில் மூன்று வகை. மிசோப்ரோஸ்டால், குறைந்துபோன புரோஸ்டாகிளாண்டினுக்குப் பதிலாக அதே மாதிரி ஒன்றை வெளியிலிருந்து கொடுப்பது. 1995இல் வெளியான ஆய்வில், வாத மூட்டழற்சி உள்ள 8,843 பேரைத் தொடர்ந்து பார்த்தபோது, இதைச் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு ரத்தக்கசிவு, ஓட்டை போன்ற பெரிய விபரீதங்கள் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தன. டைக்ளோஃபெனாக்கோடு ஒரே மாத்திரையாகவும் மேல்நாடுகளில் விற்றார்கள். ஆனால் பேதியும் வயிற்றுப் பிசைவும் பலரைப் பாதியிலேயே நிறுத்த வைத்துவிடும். கர்ப்பிணிகள் தொடவே கூடாத மருந்து, கருவைக் கலைத்துவிடும். நம் ஊரில் மூட்டுவலிக்கு இதை எழுதுகிறவர்கள் இன்று அபூர்வம்.

இரண்டாவது, ரானிடிடின், ஃபாமோடிடின் வகை. நம் வீடுகளில் "கேஸ் மாத்திரை" என்று டப்பாவில் எப்போதும் கிடப்பது பெரும்பாலும் இதுதான். வழக்கமான அளவில் இவை சிறுகுடல் தொடக்கத்தில் வரும் புண்ணைத் தடுக்கும். இரைப்பைப் புண்ணைத் தடுப்பதில்லை. நெஞ்செரிச்சல் அடங்கியதும் காவல் கிடைத்துவிட்டது என்று நம்ப வைப்பதுதான் இதில் உள்ள வம்பு.

மூன்றாவது, ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல், ஈசோமெப்ரசோல், உங்கள் கேப்ஸ்யூலில் உள்ள ரேபிப்ரசோல் எல்லாம் சேர்ந்த குடும்பம். அமிலம் சுரப்பதையே அடைக்கிறது. வலி மாத்திரை தவிர்க்க முடியாதவர்களுக்கு இன்று உலகம் முழுக்க நாங்கள் நம்பியிருப்பது இதைத்தான். காலையில் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, தினமும் போட வேண்டும்.

அப்படியானால் இரண்டையும் ஒன்றாக அடைத்த கேப்ஸ்யூல் நல்லதுதானே? யோசனை மோசமில்லை. இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தால் வலிக்கானதை மட்டும் போட்டுக்கொண்டு காவலை மறந்துவிடுகிறவர்களுக்கு இது உதவும். எனக்குப் பிடிக்காத காரணங்கள் வேறு. வலி மாத்திரை உள்ளே இருப்பதால் எல்லோரும் சாப்பிட்ட பிறகே போடுகிறார்கள். காவல் மருந்துக்கு உரிய நேரம் தவறிப்போகிறது. வலி குறைந்த நாளில் வலி மாத்திரையைப் பாதியாக்கவும் முடியாது, விட்டுவிட்டால் காவலும் சேர்ந்து போய்விடும். எல்லாவற்றையும் விட, "அல்சர் மருந்து சேர்ந்தது" என்ற ஒரு வார்த்தை, மாதக்கணக்கில் பயமில்லாமல் விழுங்கும் தைரியத்தைக் கொடுத்துவிடுகிறது.

தம்பி சொல்லும் மாத்திரை 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது: நாப்ராக்சனுக்கு மேல் ஈசோமெப்ரசோல் பூச்சு. மருந்து மோசமில்லை. ஆனால் தனித்தனியாக வாங்கினால் மலிவாகக் கிடைக்கும் இரண்டு பழைய மருந்துகளை ஒன்றாக்கியதற்கு அங்கே மாதம் ஆயிரம் டாலரைத் தாண்டி விலை வைத்தார்கள் என்று பெரிய சர்ச்சையே நடந்தது. தம்பியை அந்தச் செலவு செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் ஊர் மருந்துக்கடையில் இரண்டும் தனித்தனியாக உண்டு.

அடுத்தது வயிற்றைத் தொடாத வலி மாத்திரை. இங்கே ஒரு கதை இருக்கிறது. புரோஸ்டாகிளாண்டினை உண்டாக்கும் நொதி இரண்டு வகை, காக்ஸ்-1 வயிற்றைப் பார்த்துக்கொள்கிறது, காக்ஸ்-2 வீக்கத்தை உண்டாக்குகிறது என்று தெரிந்ததும், இரண்டாவதை மட்டும் அடைக்கும் மருந்துகளைத் தேடினார்கள். 1998 கடைசியில் செலிகாக்சிப், 1999இல் ரோஃபெகாக்சிப் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 2000இல் வந்த பெரிய ஆய்வில், நாப்ராக்சனோடு ஒப்பிட்டபோது ரோஃபெகாக்சிப் வயிற்று விபரீதங்களைப் பாதியாகக் குறைத்திருந்தது. அதே ஆய்வில் மாரடைப்பு அதிகமாக இருந்தது. அதற்கு ஏதேதோ சமாதானம் சொல்லப்பட்டது. இன்னொரு ஆய்விலும் அதே கதை தெரிந்த பிறகு, 2004 செப்டம்பர் 30 அன்று உலகச் சந்தையிலிருந்து அதைத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவிலும் அந்த ஆண்டே தடை வந்தது. வயிற்றைக் காத்த மாத்திரை இதயத்தில் கை வைத்துவிட்டது.

செலிகாக்சிப் தப்பித்தது. 24,000 பேருக்கு மேல் சேர்த்து நடந்து 2016இல் வெளியான ஆய்வில், மிதமான அளவில் அது இதயத்துக்கு ஐபுப்ரோஃபெனையோ நாப்ராக்சனையோ விடக் கெடுதல் இல்லை என்று தெரிந்தது. இதே இனத்தில் நம் ஊரில் அதிகம் எழுதப்படும் எட்டோரிகாக்சிப் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும்; பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. உங்கள் அம்மாவுக்கு அது வேண்டாம்.

இப்போது அம்மாவிடம் வருவோம். வலி மாத்திரையால் ரத்தக்கசிவு வரும் ஆபத்து யாருக்கு அதிகம் என்று நாங்கள் கணக்குப் போடும்போது கேட்பவை: வயது அறுபத்தைந்துக்கு மேலா? முன்பு புண் வந்ததா? கூடவே ஆஸ்பிரின், ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து ஏதாவது போடுகிறாரா? வலி மாத்திரையின் அளவு அதிகமா? அம்மாவுக்கு வயது, பழைய புண், ஆஸ்பிரின், ஒன்றரை வருட முழு அளவு என நான்குக்கும் ஆமாம் என்றுதான் பதில்.

முட்டிவலிக்கு வெளியில் "பொடி", "சூரணம்" என்று பெயர் ஒட்டாத பொட்டலம் ஏதாவது வாங்குகிறாரா என்றும் கேளுங்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்புண்டு. சுகர் ஏறுவதற்கும் வயிறு புண்ணாவதற்கும் அது ஒன்றே போதும்.

எகோஸ்பிரினுக்கு வருகிறேன். 75 மில்லிகிராம் என்பதால் சின்ன மாத்திரை என்று நினைக்க வேண்டாம். செலிகாக்சிப் வயிற்றுக்குத் தரும் சலுகையைப் பெரும்பாலும் தின்றுவிடும் அளவு அது. ஸ்டென்ட் வைத்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் ஆஸ்பிரினை நிறுத்துவது ஆபத்து. ஆனால் இதயத்தில் ஒன்றும் வராதவர்களுக்கு, முன்கூட்டிய பாதுகாப்பாக மட்டும் கொடுப்பதைப் பற்றி மருத்துவ உலகின் எண்ணம் மாறிவிட்டது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் எழுபது வயதைத் தாண்டிய 19,114 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018இல் வந்தது. இதயத்துக்குக் குறிப்பிடும்படி பலன் தெரியவில்லை, ரத்தக்கசிவு மட்டும் கூடியது. அம்மா 68இல் இருக்கிறார், புண் வந்த வயிறு. எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே போய், "இதயத்தில் ஒன்றும் இல்லையே, முன்னாடி அல்சர் இருந்துச்சே, இது இன்னும் வேணுமா டாக்டர்?" என்று கேளுங்கள். எக்கோ, ஈசிஜி ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் போங்கள். அவர் நிறுத்தச் சொன்னால் அம்மாவின் வயிற்றுக்கு அதைவிடப் பெரிய காவல் வேறில்லை.

வயிற்றைப் பற்றியே பேசும்போது எல்லோரும் மறப்பது சிறுநீரகம். டெல்மிசார்ட்டன், நீர் மாத்திரை, கூட வலி மாத்திரை: இந்த மூன்றும் ஒன்றாகப் போவது சிறுநீரகத்துக்கு நல்லதல்ல. வயிற்றுப்போக்கு வந்த நாளிலோ, திண்டுக்கல் சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்த நாளிலோ, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் திடீரென்று ஏறும். ரேபிப்ரசோல் இதைத் தடுக்காது, செலிகாக்சிப்பும் இந்த விஷயத்தில் சாது இல்லை. (டைக்ளோஃபெனாக் போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்று, சிறுநீரகம் செயலிழந்துதான் நம் நாட்டுப் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடம்பில் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது என்பதால் 2023இல் அதற்கும் தடை. மனிதச் சிறுநீரகம் அவ்வளவு பலவீனமில்லை. ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய சங்கதி.) அம்மாவுக்கு கிரியாட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின் மூன்றையும் இந்த வாரமே பாருங்கள். ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டும்.

பழைய புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி காரணமா என்று அப்போது பார்த்தார்களா? எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டில் தேடுங்கள். இந்தக் கிருமியைக் கண்டதற்காக பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் கொடுத்தார்கள். நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. கிருமியும் வலி மாத்திரையும் சேர்ந்தால் புண் வரும் வாய்ப்பு பெருகும். பார்க்கவில்லை என்றால் மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்யலாம். அதற்கு இரண்டு வாரம் முன்பு பான்டோப்ரசோல் வகை எதுவும் போட்டிருக்கக் கூடாது, போட்டிருந்தால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். இந்த வரிசைக்காகவும்தான் புது கேப்ஸ்யூலை இப்போது தொடங்க வேண்டாம் என்றேன்.

அப்புறம் வலிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். மாத்திரைக்கு முன்னால் தைலம் மாதிரி ஒன்று இருக்கிறது, அதைத்தான் நாம் அலட்சியம் செய்கிறோம்: டைக்ளோஃபெனாக் ஜெல். முட்டித் தேய்மானத்துக்கு முதலில் இதைப் போடச் சொல்லித்தான் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. மாத்திரையாகப் போனால் ரத்தத்தில் சேர்வதில் ஆறு சதவீதம் அளவுதான் ஜெல்லில் சேர்கிறது. "போட்டுப் பார்த்தோம், கேட்கலை" என்பார்கள். எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டால் விரல் நுனியில் ஒரு பட்டாணி அளவு காட்டுவார்கள். ஒரு சதவீத ஜெல் ஒரு முட்டிக்கு ஒரு வேளைக்கு 4 கிராம், நாளைக்கு நான்கு வேளை. அந்தக் கணக்கில் 30 கிராம் ட்யூப் ஒரு முட்டிக்கே இரண்டு நாள் வராது! அவ்வளவு முடியாவிட்டாலும் காலை, மதியம், இரவு தாராளமாகப் போட்டு இரண்டு வாரம் பாருங்கள். சூடு பறக்கத் தேய்க்க வேண்டியதில்லை, பூசினால் போதும். மேலே வேறு பாம் வேண்டாம்.

முட்டிக்கு மேலே தொடையின் முன்பக்கத் தசை பலமானால் முட்டியில் விழும் சுமை குறையும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தசையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து இறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து தடவை, காலையும் மாலையும். ஆறு வாரத்தில் வித்தியாசம் தெரியும். தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்குவதையும், குந்தி உட்காரும் கழிப்பறையையும் விடச் சொல்லுங்கள். அம்மா கேட்க மாட்டார், நீங்கள்தான் மேசையும் கத்தியும் ஏற்பாடு செய்ய வேண்டும். எடை கூடுதல் என்றால் ஒரு கிலோ குறைத்தாலும் நடக்கும்போது முட்டிக்கு நாலு கிலோ பாரம் குறையும். பிசியோதெரபிக்கு அழைத்துப் போவது சிரமம் என்றால், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முட்டி வீங்கித் தாங்கவே முடியாத சமயத்தில் மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நிம்மதி தரும். சுகர் நாலைந்து நாள் ஏறும், பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு மாத்திரை இல்லாமல் முடியவில்லை என்றால், கிரியாட்டினின் நன்றாக இருந்து, கிருமி இல்லை என்றும் தெரிந்தால், என் தேர்வு செலிகாக்சிப் 100, அதோடு தனியாக பான்டோப்ரசோல் 40 அல்லது ஈசோமெப்ரசோல் 20. இரண்டு வழிகளையும் சேர்த்துப் பிடிப்பது இது. முன்பு ரத்தம் கசிந்து, இதயத்துக்காக ஆஸ்பிரினும் விட முடியாத மூட்டுவலிக்காரர்களை வைத்து ஹாங்காங்கில் நடத்திய ஆய்வு 2017இல் வந்தது. எல்லோருக்கும் ஈசோமெப்ரசோல் கொடுத்தார்கள். ஒன்றரை வருடத்தில் மறுபடி ரத்தம் கசிந்தது, நாப்ராக்சன் சாப்பிட்டவர்களில் 12.3 சதவீதம், செலிகாக்சிப் சாப்பிட்டவர்களில் 5.6 சதவீதம். பாதிக்கும் கீழே வந்தது, பூஜ்யம் ஆகவில்லை. ஆகவே வலி மிஞ்சும் வாரத்தில் மட்டும், ஐந்தாறு நாளைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சல்ஃபா மருந்து (ஒரு வகை ஆன்டிபயாட்டிக்) ஒத்துக்கொள்ளாது என்றால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பான்டோப்ரசோல் வகையையும் தேவையில்லாமல் வருடக்கணக்கில் ஓட்ட வேண்டாம். அது வைட்டமின் பி12ஐக் குறைக்கும், மெட்ஃபார்மினும் அதையே செய்யும். அம்மா இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும் நிலை வந்தால் வருடத்துக்கு ஒரு தடவை பி12 பாருங்கள். கால் மரத்துப் போவதை எல்லாம் சுகர் கணக்கில் எழுதிவிடுவது நம் பழக்கம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுவென்று, தாங்க முடியாத நாற்றத்தோடு மலம் போனால் (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், ஆனால் பிசுபிசுப்பும் அந்த நாற்றமும் இருக்காது), காபித் தூள் நிறத்தில் வாந்தி எடுத்தால், எழுந்து நின்றதும் கண் இருட்டி வியர்த்தால், காலையில் பார்க்கலாம் என்று இருக்காமல் 108ஐ அழைத்து எண்டோஸ்கோபி வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், எகோஸ்பிரின் அட்டையும் அதில் இருக்கட்டும்.